நெறஞ்சிருக்கு என்று சொன்னேன்

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. கேட்டால் நீ "நல்லா இருக்கேன்மா" என்பாய். நானும் "நாங்களும் நல்லா இருக்கோம்" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். நீ ஸ்வீடன் போனதிலிருந்து நம் பேச்சு அப்படித்தான் முடிந்துகொண்டிருக்கிறது. அதிலும் உன் அப்பா போன் மணி அடித்த உடனே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். அவர் ஒரு வார்த்தையும் பேச மாட்டார், ஆனால் ஒரு வார்த்தையையும் விடமாட்டார். அவர் காதில் விழக்கூடாத விஷயங்கள் எனக்கு நிறைய சேர்ந்துபோய்விட்டன. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவேன், என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வெளியூரில் பிள்ளையை வைத்திருக்கிற வேறு யாராவது இதைப் படித்தாலும் படித்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஒருவர் உன் வண்டியை விலைக்குப் பார்க்க வருகிறார், பேட்டரியை ஃபுல்லாக சார்ஜ் போட்டு வை என்று நீ சொன்னாய். நானும் சரி என்றேன். இதுவரை பிளக்கைச் செருகவில்லை. காலையிலிருந்து நாலைந்து தடவை வண்டிக்குள் ஏறி அந்தச் சின்ன ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன். வயரைக் கையில் எடுப்பேன், திரும்பவும் சுருட்டி வைப்பேன். எதிர்வீட்டு டீச்சர், நான் சத்துணவில் வேலை பார்த்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம், அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி உள்ளயும் வெளியிலயும் நடக்கிறீங்க" என்றார். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது.

முதலில் வண்டிக் கதையை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. நீ அந்தப் பழைய டிராவலர் வேனை அண்ணாகிராமத்துப் பட்டறையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து கீரப்பாளையம் ரோட்டில் நம் வீட்டு வாசலில் நிறுத்திய அன்றைக்கு நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். உள்ளே கட்டில், கட்டிலுக்கு அடியில் பேட்டரி, கைகழுவும் தொட்டி, அடுப்பு, கூரைமேல் இரண்டு சோலார் பலகை. சொப்புச் சாமான் வைத்து விளையாடின பிள்ளை அதையே பெரிதாகச் செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. உன் அப்பா இறங்கி வந்து ஒரு சுற்று சுற்றினார். முப்பது வருஷத்துக்கு மேல் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் பஸ் ஓட்டின மனுஷன், டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "ஏமாந்துட்டடா" என்றார். "வீடு இருக்கிறவன் எதுக்குடா வண்டியில படுக்கணும்" என்று அடுத்த வார்த்தை. நீ வண்டிக் கதவைச் சாத்திப் பூட்டினாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு, கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வீர்கள், நடுவில் நான்தான் பேசிப் பேசிச் சாக வேண்டும். அந்த வருஷமே வேலை கிடைத்து நீ புறப்பட்டாய். உன் அப்பா வண்டிக்குள் காலை வைக்கவே இல்லை. அப்போதெல்லாம் பேப்பர் படிக்க உட்காரும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

போகும்போது அந்த லித்தியம் பேட்டரியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். பால் குடிக்கிற பிள்ளையை ஒப்படைத்தால்கூட இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்கள். மெயின் சுவிட்சை அணைத்து வை, ஃபிரிட்ஜ் ஓடக்கூடாது, ஃபுல்லாக ஏற்றிவிட்டு மாசக்கணக்கில் போட்டு வைக்காதே, ஒரேயடியாக இறங்கவும் விடாதே, பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும், மாசம் ஒரு தடவை ஸ்கிரீனைப் பார், நாற்பது சதவீதத்துக்கு வந்தால் கொஞ்ச நேரம் ஏற்றிவிட்டு வயரைப் பிடுங்கிவிடு, எலி வயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள். இத்தனையும் வாய்ஸ் மெசேஜில். ஒரு மெசேஜில், சுழியத்துக்குக் கீழே குளிர் போனால் மட்டும் சார்ஜ் போடவே போடாதே என்று எச்சரிக்கை வேறு. அங்கே பனி ஊரில் யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே சிதம்பரத்துக்கு ஒப்பித்துவிட்டாய். மார்கழியில் நமக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டாலே பத்து மணிக்குக் கழற்றி எறிய வேண்டியிருக்கிறது, சுழியத்துக்கு நான் எங்கே போவேன். உன் அப்பா வீட்டு இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில் வாட்டர் கேனை எடுத்து வந்து என்னிடம் கொடுத்து, "அதுக்கும் ஊத்திட்டு வா" என்றார். நான் கட்டில் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, அந்தப் பெட்டியில் மூடியைத் தேடு தேடென்று தேடினேன், லித்தியத்துக்குத் தண்ணியே ஊற்ற வேண்டாமாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வீடியோவில் காட்டியபோது, "டெர்மினல்ல வைக்காதம்மா" என்று நீ கத்தினாய். துடைத்துவிட்டு மேல்மூடியில் வைத்தேன். பேட்டரியாக இருந்தாலும் நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது.

எல்லாம் பொறுத்துக்கொண்டேன், அந்தப் பாதி மட்டும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொருளைப் பாதியில் வைத்திருப்பது எனக்குப் பழக்கம் இல்லை. அரிசி வாளி, உப்பு ஜாடி, மஞ்சள் டப்பா எதுவானாலும் அடி தெரிவதற்கு முன்னால் கொட்டி ரொப்பிவிடுவேன். ஐம்பத்தைந்து என்று ஸ்கிரீன் காட்டினால் எனக்கு வீட்டில் ஏதோ குறை இருக்கிற மாதிரியே இருக்கும். ஆனாலும் நீ சொன்னதை மீறவில்லை. மாசா மாசம் போய்ப் பார்த்தேன், நாற்பதில் ஏற்றினேன், அறுபதில் பிடுங்கினேன். ஒருத்தன் தூரத்திலிருந்து ஒரே ஒரு வேலை சொல்லியிருக்கிறான், அதையாவது சொன்னபடி செய்வோம் என்று.

இப்போது ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் எந்தப் பொருளும் தீர்ந்துபோகாது, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அரிசி தீர்ந்தால் "அரிசி நெறஞ்சிருக்கு" என்போம். உப்பு, மஞ்சள், குங்குமம், விளக்கு எண்ணெய், எல்லாவற்றுக்கும் அதுதான். இல்லை, தீர்ந்துபோச்சு என்று வாயால் சொன்னால் அந்த இல்லாமை வீட்டில் தங்கிவிடும் என்று என் அம்மா சொல்லித் தந்தது. உனக்கு ஆறு வயசு இருக்கும். "தம்பி, உப்பு நெறஞ்சிருக்கு, கடைக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வா" என்றேன். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நெறஞ்சிருந்தா எதுக்கும்மா வாங்கணும்" என்று கேட்டாய். உன் அப்பா சிரித்த சிரிப்பில் சாப்பாடு புரை ஏறிவிட்டது. அதற்கப்புறம் நீ ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, ரொம்ப நெறஞ்சிருக்கு, அடி தெரியுது" என்று என்னைக் கிண்டல் பண்ணுவாய். வேலையிலும் இந்த வார்த்தையால் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குப் பொறுப்பாக இருந்தபோது புதிதாக வந்த ஒரு அதிகாரி அரிசி இருப்பைக் கேட்டார். நெறஞ்சிருக்கு சார் என்றேன். ஹாஸ்டலிலேயே வளர்ந்த பிள்ளை போலிருக்கிறது, சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் நமக்கு அரிசி வரவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிப் பொங்கினேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் புயல் வந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நீ அதைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் கடலூரிலிருந்து உன் சேகர் மாமா சொன்னது. நான் சொல்லவில்லை, சொல்ல வந்தபோதெல்லாம் நீ "ஏம்மா பொய் சொன்ன" என்றுதான் ஆரம்பித்தாய். பொய் சொல்லவில்லை என்றேன், நீ கேட்கிற நிலையில் இல்லை. உன் மேல் தப்பில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

புயல் வருவதற்கு முந்தின நாள் நீ போன் பண்ணி, இந்த ஒரு தடவை பேட்டரியை நூறு வரைக்கும் ஏற்றிவிடும்மா, அப்பா ராத்திரி போடுற ஆக்சிஜன் மெஷினுக்கு ஆகும் என்று சொன்னாய். நான் உடனே வயரைச் செருகினேன். காற்று ஏறுவதற்கு முன்னாலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். நீ சொன்னபடி பாதியில் வைத்திருந்த பேட்டரி பாதியிலேயே நின்றது. வீட்டு இன்வெர்ட்டர் முடிந்தவரை தாங்கியது. குளிர்காற்றில் உன் அப்பாவுக்கு விழித்திருக்கும்போதும் மூச்சு வாங்கியது, மெஷினை விட்டு விட்டுப் போட்டோம். விடியும்போது வயல் தண்ணி ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. வண்டியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீருக்குள் வயர் இழுக்கப் பயந்து, டீச்சர் வீட்டுக்காரரும் நானும் உன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் உன் வண்டியில் ஏற்றினோம். மெஷினையும் தூக்கி வைத்தோம். வண்டி உயரம், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. உன் அப்பா நீ செய்த கட்டிலில் முதல் தடவையாகப் படுத்தார். கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். மூக்கில் டியூப், கால் மேல் என் பழைய புடவை. கட்டிலுக்கு அடியில் பேட்டரி, நான் அதன் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தேன்.

வானம் கறுத்துக் கிடந்ததால் சோலார் பலகையில் ஒன்றும் ஏறவில்லை. ஸ்கிரீன் இறங்கிக்கொண்டே வந்தது. வீட்டு இன்வெர்ட்டர் என்றால் முடியப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும், ஃபேன் மெதுவாகும், விளக்கு மங்கும். இது அப்படி இல்லை, கடைசி வரைக்கும் அதே வேகத்தில் ஓடிவிட்டு ஒரேயடியாக நின்றுவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். அதனால் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஸ்கிரீன் ஒற்றை இலக்கத்துக்கு வந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. அதுவரைக்கும் டவர் இல்லை. உன் குரல் அறுந்து அறுந்து கேட்டது. "பேட்டரி எவ்ளோம்மா இருக்கு" என்றாய். ஸ்பீக்கரில்தான் இருந்தது. உன் அப்பா கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தார். மூச்சை மெஷினிலிருந்து வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற மனுஷனுக்கு முன்னால் தீர்ந்துபோச்சு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை தம்பி. எழவே இல்லை. "நெறஞ்சிருக்கு தம்பி" என்றேன். உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்ட பிள்ளை ஆயிற்றே, இந்த உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் புரியும் என்று. நீ "அப்பாடா" என்றாய். அதோடு லைன் போய்விட்டது.

அந்த "அப்பாடா"வைக் கேட்டதும் உனக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. திரும்பத் திரும்ப அழைத்தேன், போகவில்லை. நீ உடனே உன் மாமாவைக் கூப்பிட்டு, அம்மா ஃபுல் சார்ஜ் இருக்குன்னு சொல்றாங்க, தண்ணி வடிந்த பிறகு போங்கள், இந்த வெள்ளத்தில் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அவன் பந்தல் மைக் செட்டுக்கு வைத்திருக்கிற ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தவன், அதை அவிழ்த்து, அவன் தெருவில் ஜனங்களைத் தங்கவைத்திருந்த மண்டபத்துக்குக் கொடுத்துவிட்டான். நல்ல காரியத்துக்குத்தான் போனது. அவனையும் குறை சொல்ல முடியாது, உன்னையும் சொல்ல முடியாது. வீட்டை விட்டு லட்சுமி போகக்கூடாது என்று பொத்திப் பொத்திச் சொன்ன ஒரு வார்த்தை, வந்துகொண்டிருந்த ஜெனரேட்டரைத் திருப்பி அனுப்பிவிட்டது.

மெஷின் நின்றது. நீ சொன்ன மாதிரியே, ஒரு முனகல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிக்காக வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். ஆம்புலன்சுக்குப் போன் போனது, வண்டி வரும், ரோட்டில் தண்ணி நிற்கிறது, எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள். சிலிண்டர் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எதற்கும் பயப்படாதவள் என்று நீ பெருமையாகச் சொல்லுவாயே, அன்றைக்கு டியூபை மாட்டுவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டேன். அப்போதுதான் உன் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்று நினைவுக்கு வந்தது. இன்ஜினுக்கு முன்னால் தனி பேட்டரி இருக்கு, இன்ஜின் ஓடினால் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பேட்டரியும் தானாக ஏறும்மா, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லு என்று. உன் மாமா வரும்போதெல்லாம் ஸ்டார்ட் பண்ணி வைப்பான். எனக்குச் சாவியைத் திருகக்கூடத் தெரியாது. டீச்சர் வீட்டுக்காரர் ஆம்புலன்சைப் பார்க்க மெயின் ரோட்டுக்குப் போயிருந்தார். மனசில் ஓடியதை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உன் அப்பா தலையைத் திருப்பி, "சாவியக் குடு" என்றார்.

வேண்டாம் என்றேன். எழுந்திருக்கக் கூடாது, பேசவே கூடாது என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை, என்றைக்குக் கேட்டார்? சிலிண்டரை நான் தூக்கிக்கொள்ள, அவர் கட்டிலைப் பிடித்து, சீட்டைப் பிடித்து, நாலு இடத்தில் நின்று நின்று டிரைவர் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பஸ்ஸில் ஏறின உடனே செய்வாரே, அதே மாதிரி ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டிலுக்கு அடியில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, நீல விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து மெஷினைப் போட்டேன், பீப் என்று கத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. டியூபை மாற்றிவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. காலை ஒரு தடவை கிளட்சில் வைத்து அமுக்கிப் பார்த்தார். கியரை நியூட்ரலில் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார்.

"கிளட்ச் நல்லா இருக்கு. பையன் ஏமாறல."

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். நீ கோபமாக இருந்தாய், அப்புறம் நானும் கோபமாக இருந்தேன், அதற்கப்புறம் அவர் பக்கத்திலேயே இருந்தார். எத்தனையோ வருஷம் நீ கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, ஒரு மாரிக்காலம் முழுக்க என் மடியிலேயே கிடந்தது. இப்போது உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

நடுவில் எழுந்து போய்விட்டு வந்தேன். அவர் கூப்பிட்டார் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார், எங்கே என்கிறாயா, உன் வண்டியில்தான். தண்ணி வடிந்து வீடு காய்ந்த பிறகும் சாயங்காலம் ஆனால் அங்கேதான் போகிறார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கிறார். போகிற பஸ்ஸின் டிரைவர்களில் பழைய ஆட்கள் சிலர் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். அதற்காகவே ஆறு மணிக்குச் சட்டை மாற்றிக்கொள்கிறார். பேட்டரியை இப்போது அவரே பார்த்துக்கொள்கிறார். அறுபதைத் தாண்டினால் வயரைப் பிடுங்கு என்று என்னை விரட்டுகிறார். பாதியில வச்சாத்தான் ரொம்ப நாள் உழைக்குமாம், உன் மெசேஜை எனக்கே பாடம் எடுக்கிறார்.

போன மாதம் டாக்டரிடம் போனோம். உனக்கு ரொட்டீன் செக்கப் என்று சொன்னேன். ரொட்டீன் இல்லை. முன்னெல்லாம் தூங்கும்போது மட்டும் மெஷின் போட்டால் போதும், இப்போது குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வேண்டியிருக்கிறது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிறது, மருந்தால் நிறுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன், பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். உன் அப்பா அப்போது வெளியே பெஞ்சில் இருந்தார். என்ன சொன்னாரு என்று கேட்டார். பரவாயில்லை என்று சொன்னார் என்றேன். திரும்பி வருகிற வழியெல்லாம் எதிரே வந்த பஸ்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "அவன் வந்தா ஒரு தடவை கடலூர் வரைக்கும் ஓட்டச் சொல்லு. நான் பக்கத்துல உக்காந்து வரேன். இந்த வண்டியிலதான் மெஷின் ஓடும்" என்றார். வேறு எந்த வண்டியிலும் அவரால் இனிமேல் தூரம் போக முடியாது தம்பி. கார், பஸ், எதிலும் முடியாது. ஊர் சுற்றுவதற்கு என்று நீ செய்த வண்டி ஒன்றில்தான் முடியும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருவதாக இருந்தார். நடுவில் எழுந்து போனேனே, அப்போதே அவருக்குப் போன் பண்ணி வண்டி விற்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். என்னைக் கோபித்துக்கொள்வதானால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு வாய் இல்லை, நானே ஒரு வார்த்தையால் வீட்டைக் கவிழ்க்கப் பார்த்தவள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தால், குறைந்திருப்பதைக் குறைந்திருக்கிறது என்று சொல்லிப் பழகு. நீயும் என் பிள்ளைதான். நீ அங்கிருந்து "நல்லா இருக்கேன்மா" என்கிற ஒவ்வொரு தடவையும் நான் ஜாடியைத் திறந்து பார்க்க முடியாமல் தவிக்கிறேன். அந்தக் குளிரில் நீ தனியாக என்ன சாப்பிடுகிறாய், யாரோடு பேசுகிறாய், ஏன் வண்டியை விற்கத் தோன்றியது, இதையெல்லாம் கேட்க எனக்கு ஆசை. நீ வந்த பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு மட்டும் இந்த வயசில் நாக்கு மாறாது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல நீ போன் பண்ணுவாய். அவர் பக்கத்தில் இருப்பார், ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். அப்பா எப்படிம்மா இருக்கிறார் என்று கேட்பாய். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் "நெறஞ்சிருக்கு தம்பி" என்றுதான் சொல்லப் போகிறேன்.

அப்பாடா என்று சொல்லாதே. டிக்கெட் போட்டுவிட்டேன் என்று சொல்.

அம்மா